மூன்றாம் தொட்டியில் தொங்கிய பில்டர்

குளத்து வேக்குவத்தின் பில்டரை எப்போது கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார் முதலாளி. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காகத்தான். அரைப் பக்கத்துக்கு அதில் விஷயம் கிடையாது. மாற்றலாமா என்று யோசனை வந்த அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் மிச்சத் தாள் வெறுமையாகக் கிடந்தால் முதலாளிக்கு மனசு கேட்காது. ஆகவே அந்த ஒரு வரி எனக்கு எப்படிப் புத்தியில் ஏறியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என்னைக் கடைக்குள் பார்த்திருப்பீர்கள். உதிரிப்பாகங்கள் வைக்கும் ராக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆள். வயது ஐம்பத்துநான்கு. எனக்கு முன்பே என் முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. குளத்துக்குள் இறங்குவேன், ஏறுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். பெரகலையிலிருந்து பதுளை வரைக்கும் பங்களாக் குளம் ஒன்று பாக்கியில்லாமல் சேறு எடுத்தவன் என்று முதலாளி உங்களிடம் சொல்லியிருப்பார். அத்தனை குளத்திலும் பதறியவன் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். அட்டை கடித்தால் பாம்பு என்று கத்துவேன். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் மூன்றடி தள்ளிப் போய் நின்றுகொண்டு அதனிடம் நல்ல வார்த்தை பேசுவேன்.

கழுவுவது, பிழிவது, சவர்க்காரம் போடாமல் இருப்பது எல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வேக்குவம் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சித் தன் வயிற்றில் வாங்குகிறது. அந்த வயிற்றுக்கும் தலையில் இருக்கும் மோட்டாருக்கும் நடுவே பஞ்சில் செய்த ஒரு பில்டர். அது காய்ந்திருக்கும் வரைக்கும் மோட்டார் மூச்சு விடும். அது சேற்றில் நனைந்தால் மூச்சு முட்டும். பில்டரே இல்லாமல் ஓட்டினால் மோட்டாருக்குக் கருமாதிதான்.

தெமோதரைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களா. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். முன்பக்கம் கல் கட்டிய குளம், அதில் இருபது சொச்சம் கொய் மீன். மூன்று நாள் விடாத அடைமழைக்குள் ஒரு காலையில் அங்கே போய் இறங்கினேன். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள். அதற்குள் குளம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது கட்டளை. மீன்களை இரண்டு பெரிய தொட்டியில் மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு, வேலையைத் தொடங்கினேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற ஆட்கள் ஒரு பில்டரில் ஆறு குளம் பார்த்தால் நான் பன்னிரண்டு பார்ப்பேன். இதைக் கடையில் நாலு பேர் கேட்கும்படி சொல்லவும் செய்வேன். அன்றைக்கு மாட்டியிருந்தது பதினாலாவது குளத்தைப் பார்க்கும் பில்டர். ஓரமெல்லாம் பிசுபிசுத்து, அமுக்கினால் எழும்பாத நிலைமை. புதியது ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கடை மேசை லாச்சியில் பத்திரமாக இருந்தது. முதல் நாள்கூட முதலாளி கேட்டார், எடுத்துப் போறீங்களா என்று. இன்னும் ஒரு தடவை தாங்கும் முதலாளி என்றேன். இந்த வார்த்தை உங்கள் வாயில் வந்தால் உடனே நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பத்தரை மணி இருக்கும். பங்களாச் சமையல்கார அப்புவுக்கு நான் ஒரு பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல பகிடி, நீளமானது. வேக்குவத்தின் வயிறு நிறைந்ததும் மெஷினை நிறுத்தும் மிதப்பில் ஓர் இலை சிக்கி, தண்ணீர் நிறைந்தும் மெஷின் நிற்கவில்லை. சத்தம் மாறியதை நான் கேட்கவில்லை, என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பகிடி முடிந்து அப்பு சிரிப்பதற்குள் மோட்டார் இருமியது. திறந்து பார்த்தால் பில்டர் முழுக்கச் சேறு. கறுப்புச் சேறு, பத்து வருஷத்து இலை அழுகிய சேறு. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. குளத்தில் பாதிதான் முடிந்திருந்தது.

கழுவினேன். ஏழு தண்ணீரில் கழுவினேன். சேறு போயிற்று, நாற்றம் போகவில்லை, ஈரமும் போகவில்லை. வெளியே வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று அப்புவிடம் கேட்டேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சோறு கறி ஆக்குற இடத்துக்கு இதையா கொண்டு வர்றே என்று துரத்திவிட்டார். சமையல்காரரே வேண்டாம் என்று துரத்திய அந்தச் சாமானை, மூளை உள்ள எவனும் அதற்கடுத்து எங்கே கொண்டுபோக மாட்டானோ, நான் அங்கே கொண்டுபோனேன்.

பங்களாவுக்குக் கீழே தோட்டத்து ஸ்டோர். தேயிலை செய்யும் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் பச்சைக் கொழுந்தை வாட்டுவார்கள். இடுப்புயரத்துக்கு நீளநீளமான தொட்டிகள், மேலே வலை. வலையில் கொழுந்தைப் பரப்பிவிட்டால், தொட்டியின் ஒரு தலைமாட்டில் இருக்கும் பெரிய காற்றாடி கீழேயிருந்து சூட்டுக் காற்றை ஊதும். உலகத்தில் எதையும் காய வைத்துவிடும் காற்று. பதறிய மூளைக்கு இது மட்டும்தான் தெரிந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது அந்த மலையில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதே மலையில் பிறந்த எனக்கு அந்த நேரம் மறந்துபோயிற்று.

ஸ்டோர் முழுதுக்கும் பொறுப்பு டீமேக்கர், மாடிக்குப் பொறுப்பு புஷ்பம் அக்கா. என் சம்சாரம் பிறந்த லயத்துக்காரர், அதே வீட்டு வரிசை. அவளுக்கு அக்கா முறை, ஆகவே எனக்கும் அக்கா. அவருக்கு நான் மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்து, முதுகு போய், பிறகு ஸ்டோருக்கு வந்தவர். நான் கெஞ்சினேன், பகிடி விட்டேன், சம்சாரத்தின் பெயரையும் இழுத்தேன். அவர் பில்டரைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

“மாப்புள, போன வாரம் ஒரு புள்ள தலையில பூ வச்சுக்கிட்டு வந்துருச்சு. டீமேக்கர் ஐயா மோப்பம் புடிச்சு, இனி இங்க ஒரு வாசம் வந்தா என்னைய மறுபடி மலைக்கே அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு. இந்த முதுகு இனி கூடை தாங்காதுங்க. ஒரு மணிக்குக் கொழுந்து வரும். அதுக்கு முன்ன எடுத்துருவீங்களா?”

பன்னிரண்டரைக்கே வந்து நிற்பேன் என்று என் பிள்ளைகள் மீது சத்தியம் செய்தேன்.

மூன்றாம் தொட்டி காலியாக இருந்தது. வலை காயட்டும் என்று காற்றாடியை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, வலைக்குக் கீழே ஒரு கம்பியில் பில்டரைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு மேலே பங்களாவுக்கு வந்தேன். வேலை இல்லை. அப்பு சாப்பிடச் சொன்னார். சோறு, பலாக்காய்க் கறி, நெத்தலிப் பொரியல். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். பிறகு மீன்களைக் காவல் பார்க்கலாம் என்று வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே பனிமூட்டம், கூரையில் மழை, வயிற்றில் பலாக்காய். மீன்களைக் காவல் பார்த்தது அந்தக் காற்றுக் குழாய் மட்டும்தான்.

கண்ணைத் திறந்தபோது இரண்டு மணி அடித்துப் பத்து நிமிஷம்.

பங்களாவிலிருந்து ஸ்டோருக்குத் தேயிலைக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை உண்டு. ஆடுகள் அதில் நிதானமாக இறங்கும். நான் பாதித் தூரம் காலாலும் மீதித் தூரம் வேறு அவயவத்தாலும் இறங்கினேன். குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. மாடியில் எல்லாத் தொட்டியிலும் பச்சைப் பசேலென்று கொழுந்து பரப்பியிருந்தது. ஒரு மணிக்குக் கொழுந்து வந்த நேரத்தில் புஷ்பம் அக்காவை நிறுவைக்கு என்று கீழே கூப்பிட்டுவிட்டார்கள். மற்றப் பெண்களுக்கு விஷயம் தெரியாது. காலித் தொட்டியைக் கண்டார்கள், வழக்கம் போலப் பரப்பினார்கள். அக்கா திரும்பி ஏறி வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் தொட்டிக்கு முன்னால் ஒரு கை நிறையக் கொழுந்தை அள்ளி மூக்கில் வைத்தபடி நின்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

காற்றாடியை நிறுத்தி, சின்னக் கதவுக்குள் தலையைவிட்டு, பில்டரை எடுத்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பில்டர் அருமையாகக் காய்ந்திருந்தது.

அந்த நிமிஷத்தில் என் மூளை வேகமாக ஓடியது, அதுதான் ஆபத்து. பங்களாக் குளியலறையில் எலுமிச்சைப்புல் வாசனை அடிக்கும் போத்தல் ஒன்று பார்த்திருந்தேன். அதைக் கொண்டுவந்து கொழுந்துக்கு மேலே விசிறினால் நாற்றம் அமுங்கிவிடாதா? இதோ வந்துட்டேன் அக்கா என்று சொல்லி நாலு அடி ஓடியும் விட்டேன். என்ன எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதுவரைக்கும் எனக்கு ‘வாங்க, போங்க’ போட்டவர் அத்தோடு நிறுத்திவிட்டார்.

“போ, எடுத்துட்டு வா. சேத்து நாத்தம் ஒண்ணு, அதுக்கு ஜோடியா புல்லு வாசம் ஒண்ணு. தேயிலைக்குக் கல்யாணமே பண்ணி வச்சிரலாம்.”

நின்றேன். பேசாமல் பில்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணமும் வந்தது என்பதை உங்களிடம் ஒளிக்கவில்லை. விடியற்காலை எல்லாத் தொட்டிக் கொழுந்தும் ஒன்றாக ரோலருக்கு இறங்கும், அரைபடும், கலந்துபோகும். ஆனால் காலையில் ருசி பார்க்கும்போது டீமேக்கர் கண்டுபிடிப்பார். பூவையே கண்டுபிடித்தவர். அப்போது பழி யார் தலையில் விழும் என்பது அக்காவின் முகத்தில் எழுதியிருந்தது. நானே போய் ஐயாகிட்ட சொல்றேன் என்று அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். இல்லை அக்கா, நான் போறேன் என்று முந்திக்கொண்டு இறங்கினேன்.

இதைக் கேட்டு என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். படி இறங்குவதற்குள் மூன்று பொய் தயார் செய்துவிட்டேன். காற்றாடிக்குள் எலி செத்துக் கிடந்தது. இல்லை, எலி வேண்டாம், தவளை. அதுவும் வேண்டாம், பங்களாக் குளத்து நாற்றம் மழைக் காற்றில் இறங்கி வந்துவிட்டது. மூன்றாவதுதான் அழகாக இருந்தது, அதையே முடிவு செய்துகொண்டு கீழே ஆபீஸ் கதவைத் தட்டினேன். டீமேக்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். கையில் அந்தப் பில்டர், கம்பியோடு. அதைக் கீழே போடவே மறந்துவிட்டேன்.

ஆகவே உண்மையைச் சொன்னேன். வேறு வழி இல்லை என்பதால் சொன்னேன். ஆனாலும் சொன்னதற்கு உள்ள பலன் கிடைத்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். “எந்தத் தொட்டி?” அவ்வளவுதான். யார் என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. எப்போது காற்றாடி ஓடத் தொடங்கியது, எப்போது நிறுத்தினீர்கள் என்று இரண்டு கேள்வி. பிறகு மாடி ஏறினார். மெலிந்த மனிதர், மை வாசம் வரும் என்று சட்டைப் பையில் ஒரு பேனாகூட வைத்துக்கொள்ளமாட்டார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, கொழுந்துக்குள் முகத்தையே புதைத்து மோந்தார். தலைமாட்டில், நடுவில், கால்மாட்டில். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, ஆறு. கடைசியாக மூன்று. மூன்றாம் தொட்டியின் பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். சூட்டுக் காற்றை நிறுத்திச் சூடேற்றாத பச்சைக் காற்று விடச் சொன்னார். கொழுந்தை மெல்லிசாகப் பரப்பிக் கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இதைத் தனியே அரைக்க வேண்டும், அதோடு ரோலரைக் கழுவ வேண்டும். இவ்வளவையும் அவர் குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தார். நான் அரை மணிநேரமாக ஓடி, விழுந்து, பொய் யோசித்து, செய்ய முடியாத வேலை அது. தப்பு எங்கே கிடக்கிறது என்று ஓர் ஆளுக்குத் தெரிந்திருக்கும் வரைக்கும் அது ஒரு தொட்டித் தப்புத்தான். தெரியாமல் போனால்தான் அது ஸ்டோர் முழுக்க ஆகிறது.

அதற்குப் பிறகுதான் கேட்டார். “யாரு இதை உள்ள விட்டது?”

எனக்கு அங்கே ஒரு பெரிய மனசு வந்தது. எல்லாம் நான்தான் ஐயா, அக்காவுக்கு இது தெரியவே தெரியாது, அவங்க இல்லாத நேரம் பார்த்து நானே நுழைந்து மாட்டிவிட்டேன் என்றேன். நன்றாகவே சொன்னேன். குரலில் ஒரு நடுக்கம்கூடச் சேர்த்தேன். அக்கா கண்ணீரோடு என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இல்லை.

“பொய்யிங்க ஐயா. எனக்குத் தெரியாம இந்த மாடிக்குள்ள ஒரு ஈ வராது. நான்தான் விட்டேன். ஒரு மணிக்குள்ள எடுக்கச் சொன்னேன், இவரு தூங்கிட்டாரு. கீழ கூப்புட்டப்ப புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லல. அது என் தப்பு.”

மாடியில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் அக்காவுக்குச் சாடை காட்டினேன், விடுங்கள் என்று. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷி தன் வேலையைத் தானே தூக்கிக் குளத்தில் போடுகிறாரே என்று நினைத்தேன்.

டீமேக்கர் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டினார்.

“தெரியாம நடந்துச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா நாளைக்கே மலைக்கு அனுப்பியிருப்பேன் புஷ்பம். என்ன நடக்குதுன்னு தெரியாத ஆளை மேல வச்சுக்கிட்டு நான் கீழ என்ன பண்றது? அடுத்த தடவை கீழ கூப்புட்டா சொல்லிட்டு வாங்க.” அப்புறம் என் பக்கம் தலையை ஆட்டினார். “இவரையும் புரட்டச் சேத்துக்கங்க.”

என் பெரிய மனசுப் பொய்தான் அக்காவின் வேலையைத் தின்னப் பார்த்தது. இது எனக்கு விளங்கவே இரண்டு மூன்று நாள் ஆயிற்று. ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவரை ஒன்றும் தெரியாதவராக ஆக்கிவிடாதீர்கள். உங்களில் ஒருவர் என்னைவிட நல்ல மனசுக்காரராக இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

புரட்டினேன். அதற்கு முன்னால் முதலாளிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் ஏதோ இரைந்தது; அவர் சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. லாச்சியில் இருந்த புதிய பில்டரை அடுத்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார், அப்பு ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தார். அது வரும் வரைக்கும் ஒன்றரை மணிநேரம் பெண்களோடு நின்று கொழுந்து புரட்டினேன். அவர்கள் கை பூவை அலசுவது போலப் போகும். என் கை மாவு பிசைவது போலப் போயிற்று. கொழுந்துக்கு வலிக்கப் போகுதுங்க என்றாள் ஒருத்தி. அண்ணனுக்குத் தூக்கம் வந்தா அந்த ஆறாம் தொட்டியில படுக்கட்டும், அது நல்ல சூடு என்றாள் இன்னொருத்தி. அக்கா சிரிப்பு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதைப் பார்த்தேன்.

புதுப் பில்டரோடு மெஷின் பாடியது. விருந்தாளிகள் மழையில் பிந்தி வந்ததால் குளமும் நானும் தப்பித்தோம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அப்புவின் பின்னறையில் படுத்தேன். மறுநாள் காலை டீமேக்கர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசையில் ஆறு கிண்ணத்தில் தேயிலைச் சாயம், அன்றைக்கு மட்டும் தனித்தனியே அரைத்த தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக. குடித்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவரைப் போலவே உறிஞ்சி, கண்ணை மூடி, கடைசியில் எல்லாமே நல்லாத்தான் இருக்கு ஐயா என்றேன்.

“அதுனாலதான் நீங்க குளத்துல இருக்கீங்க,” என்றார்.

மூன்றாவது கிண்ணம் அவர் நாக்குக்குச் சப்பென்று இருந்ததாம். கெட்டது என்று சொல்ல முடியாது, நல்லதோடு சேர்க்கவும் முடியாது என்று அந்தத் தூளைத் தனியே ஒதுக்கிவிட்டார். மற்ற ஐந்துக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பழைய பில்டரை நான் அன்றைக்கே எறியவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நன்றாகக் காய்ந்திருந்ததே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மடத்தனம் ஒரே நாளில் போகிற வியாதி இல்லை. முதலாளிதான் பையிலிருந்து இரண்டு விரலால் எடுத்துக் கொண்டுபோய் வெளியே போட்டார்.

அடுத்த மாதம் அதே பங்களாவுக்குப் போனேன். புதிது ஒன்று மெஷினில், புதிது இரண்டு பையில். ஸ்டோர் வளைவில் புஷ்பம் அக்கா வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார், முதுகுக்கு ஒரு துணி கட்டி, கையில் சோற்றுப் பெட்டியோடு. என்னைக் கண்டதும் நின்றார். சுகமா என்று கேட்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னார். ஒரு பில்டரை எடுத்தார். முன்பக்கம் மோந்தார், திருப்பிப் பின்பக்கம் மோந்தார், ஓரத்தை விரலால் அமுக்கி எழும்புகிறதா என்று பார்த்தார். நாம் யாரும் இவ்வளவு ஒழுங்காக அதைச் சோதித்தது கிடையாது.

“நல்லாத்தான் இருக்குங்க மாப்புள,” என்று பையில் திரும்ப வைத்தார். “இது என்கிட்ட காய வைக்கக் கொண்டுவர்ற அளவுக்குப் பழசாகறதுக்கு முந்தி எறிஞ்சிருங்க.”

சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனார்.